பலகையின் கடைசிப் பெயர்

படகுத் துறை அலுவலகத்தில், தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. துறை தொடங்கிய நாள் முதல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர்களும் வந்த தேதியும் போன தேதியும் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம்: பிரிகேடியர், கர்னல், ஏர் மார்ஷல், மறுபடியும் ஒரு கர்னல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'ஓய்வு'. ஓய்வு என்று எழுதி ஒட்டிக்கொண்டு வேலைக்கு வருகிற மனிதர்களை நான் அந்தப் பலகையில்தான் பார்த்தேன்.

அந்தத் துறையில் என் வீட்டுக்காரர் துணைத் தலைவர். அலுவலகத்தில் 'துணை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பலகை, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முதுகுப் பக்கம். எதிரே கோப்போடு நிற்கிறவருக்குத்தான் நேருக்கு நேர். தலைவர் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் இவர் அதைப் படித்துக்கொண்டே நிற்பார். எத்தனையோ வருஷம் படித்ததில் மனப்பாடமாகி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்.

நாற்காலி காலியாகும்போதெல்லாம் இந்தத் தடவை இவருக்குத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் வெட்கமில்லாமல் நம்புவேன். அப்புறம் எங்கிருந்தோ ஒரு படைப் பெரியவர் ஓய்வு பெறுவார். அவரை வீட்டில் வைத்துச் சமாளிக்க அவர் மனைவியால் முடியாதோ என்னவோ, அரசாங்கம் இங்கே கொண்டுவந்து உட்கார வைக்கும். இலவு காத்த கிளி என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தக் கிளியோடு குடித்தனம் நடத்தினால்தான் தெரியும்.

"பேசாம நீங்களும் போய்ப் பட்டாளத்துல சேர்ந்துட்டு வாங்க. அப்பவாவது கொடுக்கறாங்களா பாக்கலாம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"இந்த வயசுல என்னை ஓடச் சொன்னா மூச்சு வாங்கும்டி" என்றார். அவருக்குக் கோபமே வராது. அவர் பங்குக்கும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வந்தவர்களைச் சும்மா சொல்லக்கூடாது, சிரிக்க வைத்தார்கள். பிரிகேடியர் படகில் கால் வைத்ததும் வாந்தி எடுப்பார். ஏர் மார்ஷல் கடைசி வரை படகோட்டியைப் 'பைலட்' என்றே கூப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் ஆற்றின் இரண்டு கரையையும், நீரோட்டத்தையும், எந்தப் படகு எப்போது மக்கர் பண்ணும் என்பதையும் என் வீட்டுக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் கற்றுக்கொண்டு முடிக்கும்போது காலம் முடிந்துவிடும்.

கடைசியாக வந்தவர் கடற்படைக்காரர். கமடோர் என்று பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாடா, தண்ணீரையாவது பார்த்த மனிதர் என்று நினைத்தோம். வந்து உட்கார்ந்தால் அசைய மாட்டார் என்று அலுவலகத்தில் அவருக்கு 'நங்கூரம்' என்று பட்டப்பெயர். எனக்கு வயிறு எரிந்தாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அவர் நல்ல மனிதர். அலுவலகத்தைச் சுற்றிப் பெருக்கி, சாவிக் கொத்தைக் காத்து வரும் சாவியம்மா உள்ளே வந்தால்கூட எழுந்து நின்று பேசுவார்.

அவர் போட்ட உத்தரவுகளில் ஒன்று, நேரம். மணி அடித்ததும் துறைவாசல் கதவை மூட வேண்டும், படகு கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் அப்படி இல்லை. யாராவது ஓடி வருவது தெரிந்தால் படகோட்டி கையைக் காட்டி நிற்பான். நான் அக்கரை அரசு மருத்துவமனையில் நர்ஸ். எத்தனையோ காலை, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக வந்து எனக்காக நின்ற படகில் ஏறியிருக்கிறேன். கமடோர் கணக்கு வேறு. ஒருத்தருக்காக நின்றால் உட்கார்ந்திருக்கிற எல்லாருடைய நேரமும் திருட்டுப் போகிறது என்றார்.

"சார், ஜனங்க கதவு மூடிடுமோன்னு ஓடறாங்க. துறையிலேர்ந்து படகுக்குப் போற மரப்பாலம் நடக்கறவங்களுக்காகக் கட்டினது. ஓடறவங்களுக்காக இல்லை" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

கமடோர் முழுதாகக் கேட்டிருக்கிறார். பிறகு, "கொஞ்ச நாள் ஓடுவாங்க. அப்புறம் சீக்கிரம் கிளம்பக் கத்துக்குவாங்க. எங்க பசங்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்க" என்றாராம்.

அவருடைய பசங்க மாலுமிகள். இங்கே ஓடுகிறவர்கள் மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், என்னைப் போல இடுப்பு வலியோடு வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்குச் சீக்கிரம் கிளம்பத் தெரியாமல் இல்லை. அடுப்பும் குழந்தையும் விட்டால்தானே கிளம்புவது.

இவர் ஓய்வு பெறக் கொஞ்ச நாளே இருந்தது. ஒருநாள் கமடோர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாராம். சாவியம்மாதான் பிறகு என்னிடம் சொன்னாள். "இத்தனை வருஷம் இந்தத் துறையை ஓட்டினவர் துணை சார்தானே, அவர் பேர் ஏன் இதுல இல்லை?" என்று அவளிடம் கேட்டாராம். "அதை எங்களைக் கேட்டா எப்படிங்கய்யா?" என்றாளாம் அவள்.

அந்த வாரமே கமடோர் லீவு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் கடைசி வாரம் முழுக்க அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். அந்த வாரம் இவர் தலைவர்.

எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் லீவில் போனால் அடுத்தவர் 'பொறுப்பு' பார்ப்பார். அன்றாடத் தபாலுக்குக் கையெழுத்து, அவ்வளவுதான். நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். பொறுப்பு பார்த்தவர்கள் பெயர் பலகையில் ஏறாது. கமடோருக்கு இது பிடிக்கவில்லை. "கப்பலை ஒருத்தர்கிட்ட கொடுத்தா முழுசாக் கொடுக்கணும். பாதிக் கப்பல்னு ஒண்ணு கிடையாது" என்றார்.

அதனால் கடற்படை முறைப்படியே செய்தார். எல்லா ஊழியர்களையும் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார். நடுவில் இவரும் அவரும் எதிரெதிரே. "துறையை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்று சொல்லிச் சாவிக் கொத்தை நீட்டினார். "ஏற்றுக்கொள்கிறேன்" என்று இவர் சொல்ல வேண்டும். இவருக்கு இரண்டாம் தடவைதான் சொல்ல வந்ததாம். உடனே கமடோர் விறைத்து நின்று இவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். யாரோ படம் எடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறையில் என்னை நிறுத்தி, பீரோ சாவியை என் கையில் கொடுத்து முழுவதையும் நடித்துக் காட்டினார். "இப்ப நீ சொல்லு."

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். கரண்டியோடு ஒரு சல்யூட்டும் வைத்தேன். குழம்பு தெறித்து அவர் சட்டையில் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது. நினைத்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன். "தலைவர் ஆயாச்சு இல்ல? முதல் வேலையா அந்தக் கதவு மூடற உத்தரவை எடுங்க. காலையில கூட்டம் விழுந்தடிச்சு ஓடுது. எனக்கே பயமா இருக்கு."

"எடுக்கத்தான் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மனுஷன் எனக்காக ஊருக்குப் போயிருக்காரு. அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அவர் உத்தரவைக் கிழிச்சா நல்லாவா இருக்கும்? கடைசி நாள் சாயங்காலம் வழியனுப்ப வர்றேன்னிருக்காரு. அவர்கிட்டயே சொல்லி எடுக்க வச்சுட்டுப் போறேன்."

"ரொம்பத்தான் மரியாதை பாருங்க."

"இத்தனை வருஷத்துல எனக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆளுடி."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? எனக்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச மனசு வரவில்லை. அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மழைநாள். காலைப் படகுக்கு மணி அடித்தது. மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் ஓடியது. ஈர மரப்பாலம் நடுவில் முறிந்து, ஓடியவர்களோடு தண்ணீருக்குள் போனது.

நான் முதல் படகிலேயே போய் வார்டில் இருந்தேன். முதலில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். பிழைத்தவர்கள் நிறையப் பேர். பதினோரு பேர் பிழைக்கவில்லை. அவர்களில் நாலு பேரை நான்தான் துடைத்துக் கிடத்தினேன். ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவை விடவே இல்லை, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். மகனுக்குப் பெண் பார்க்கிறேன், நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கக்கா என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

என் வீட்டுக்காரர் மார்பு வரை நனைந்து வந்து பிணவறை வாசலில் நின்றார். அவரும் தண்ணீரில் இறங்கியிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, வருகிற ஒவ்வொருவரிடமும் "இவங்க பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாராவது அழுதுகொண்டே சொல்வார்கள். அவர் உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். பலகையைப் படித்து மனப்பாடம் செய்தவருக்கு இது எவ்வளவு நேரம்.

விசாரணைக்குழு போட்டார்கள். தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம், ஓய்வு பெற்ற ஒரு ஜெனரல். இவர் ஓய்வு பெற வேண்டிய நாளில் பூமாலை, வழியனுப்புப் பேச்சு எதுவும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாக ஓர் ஆள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

என் தம்பி வக்கீல். விசாரணைக்கு முந்தின நாள் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், விஷயம் ரொம்ப சுலபம். உத்தரவு அவர் போட்டது. நீங்க வெறும் பொறுப்பு. பொறுப்புல இருக்கறவருக்குப் பழைய உத்தரவை மாத்த அதிகாரமே இல்லை, அதான் நம்ம ஆபீஸ் வழக்கம். 'நான் தலைவர் இல்லை, தபால் பார்த்தேன்' அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளிய வந்துடலாம்."

இவர் அவனுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்.

"ஒரு வார்த்தை அத்தான்."

"கூடத்துல எல்லாருக்கும் முன்னாடி ஏத்துக்கறேன்னு சொன்னேன்" என்றார் இவர்.

"அது ஏதோ மரியாதைக்குச் சொன்னது!"

"அந்த மரியாதையை வாங்கிக்கிட்டேன் இல்ல? ஒரு வாரம் நாற்காலியில உட்கார்ந்து சுகமாத்தான் இருந்துச்சு. இப்ப உட்காரவே இல்லைன்னா?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "பதினோரு பேர்டா. போட்டவர் லீவுல இருந்தேங்கறாரு, இருந்தவர் பொறுப்புதாங்கறாருன்னா, அந்த வீட்டுக்காரங்க யாரைப் போய்க் கேப்பாங்க? யாராவது ஒருத்தன் நான்தான்னு சொல்ல வேண்டாமா?"

நான் கத்தினேன். கை நீட்டித் திட்டினேன். "ஊருக்கெல்லாம் நல்லவரா இருங்க, கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் இருக்காதீங்க" என்றேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

விசாரணைக்கு நானும் போனேன். கமடோர் முதலில் எழுந்தார். "உத்தரவு என்னுடையது. தண்டனை எனக்குக் கொடுங்கள்" என்று தெளிவாகச் சொன்னார். ஒரு நிமிஷம் நான் அந்த மனிதரைக் கும்பிட இருந்தேன்.

ஜெனரல் கேட்டார்: "அன்று காலை துறை யார் கையில் இருந்தது?"

"அவர் கையில்."

"பொறுப்பாகவா, முழுமையாகவா?"

கமடோருக்குப் பொய் சொல்ல வராது. அதோடு, இத்தனை பேருக்கு முன்னால் என் வீட்டுக்காரரைக் குறைத்துச் சொல்லவும் அவருக்கு மனசில்லை. நிமிர்ந்து நின்று, "முழுமையாக. நானே ஒப்படைத்தேன்" என்றார். சொல்லிவிட்டு இவரைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். அவர் இவருக்கு மறுபடியும் ஒரு சல்யூட் அடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

படத்தைக் காட்டினார்கள். சாவிக் கொத்து, நீட்டிய கை, சிரித்த முகம். இவரைக் கேட்டபோது, "ஆமாம், நான்தான் தலைவர். மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை" என்றார். என் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

எந்த நேரத்தில் கப்பல் யார் கையில் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்பது படையின் விதி. அந்த விதியால் படகுத் துறையை அளந்தார்கள். துறைத் தலைவராக இருந்த என் வீட்டுக்காரர் பணிநீக்கம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே ஆள் எடுத்து வைத்துக்கொண்டார்.

கமடோர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. "நான் நல்லது செய்யணும்னுதாம்மா நினைச்சேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தெரியும். அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியலை. அதுவும் ஒரு கொடுமை" என்றேன். உள்ளே இருந்து இவர், "யாரு, சாரா? டீ போடு" என்றார். போட்டேன். கமடோர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார். இப்போது மின்சார வாரியத்தில் தலைவராக இருக்கிறார். ஒரு நாற்காலி நனைந்தால் உட்கார இன்னொரு நாற்காலி காய்ந்திருக்கிறது அவர்களுக்கு.

இவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஆற்றுப் பக்கம் இருக்கிற ஜன்னலைத் திறக்கவிடமாட்டார். நான் படகில் போகும்போது சிலர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருவார்கள். உட்காரட்டும். இப்போது மணி அடித்த பிறகும் படகு நிற்கிறது. ஓடி வருகிறவர்களைப் பார்த்து, "மெதுவா வாங்க, மெதுவா!" என்று படகோட்டி கத்துகிறான்.

போன வாரம் இவருடைய குடையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப்போக அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். புதுத் தலைவர் இன்னும் வரவில்லை. சாவியம்மா அறையைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். உள்ளே பெயிண்ட் வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

கமடோரின் பெயருக்குக் கீழே என் வீட்டுக்காரர் பெயர். புது மஞ்சள். வந்த தேதி, போன தேதி, இரண்டும் ஒரே வாரத்துக்குள்.

"யாரு எழுதச் சொன்னா?" என்றேன்.

"மேலேர்ந்து சொன்னாங்களாம்மா. அறிக்கையில தலைவர்னு இருக்கு, பலகையில பேரைக் காணோம்னா நாளைக்குக் கோர்ட்டுல கேள்வி வருமாம்." சாவியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சந்தோஷமா எழுத வேண்டிய பேரும்மா."

அந்தப் பலகையிலேயே பட்டம் இல்லாத ஒரே பெயர் அதுதான். முன்னால் ஒன்றுமில்லை. பின்னால் 'ஓய்வு'ம் இல்லை. அதைத்தான் அவருக்குக் கொடுக்கவில்லையே. கையில் இருந்த குடையால் அந்தப் பலகையை அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கவில்லை. அது அவர் பெயர்.

வீட்டுக்கு வந்து சொல்லலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

மூடியிருந்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "எழுத்து மத்தவங்களது மாதிரியே இருக்கா, சின்னதா இருக்கா?" என்றார்.

"மத்தவங்களது மாதிரியேதான்."

"எங்க இருக்கு?"

"கடைசியா. கமடோருக்குக் கீழே."

"அதுக்குக் கீழே இடம் இருக்கா?"

"இருக்கு. நிறைய இருக்கு" என்றேன். இனி வரப்போகிற தலைவர்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பதினோரு பேர் எழுதலாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார், பிணவறை வாசலில் கேட்ட வரிசை மாறாமல். சாப்பாட்டு டப்பாவோடு வந்தவளின் பெயர் மூன்றாவதாக வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே சொன்னேன்.